கார்த்திகை தீபத்தை வீட்டில் கொண்டாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் தீபத் திருநாளைக் குடும்பத்தோடு வீட்டில் கொண்டாட விரும்புவோர், குறிப்பாகத் தனிக்குடித்தனம் வந்து முதன்முறையாகத் தாமே விளக்கேற்றப் போகிறவர்கள், வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தத் திருநாளின் முறைகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுபவை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இங்கே எழுதியிருப்பதும் வேறுபட்டால், பெரியவர்கள் சொல்வதையே கைக்கொள்ளுங்கள்.

கார்த்திகை தீபத்தின் தேதி ஆண்டுதோறும் மாறுவது ஏன்?

சூரியன் விருச்சிக ராசியில் இருக்கும் கார்த்திகை மாதத்தில், முழுநிலவு கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி வரும் நாள்தான் தீபத் திருநாள். மாதத்தைச் சூரியனைக் கொண்டும் நாளைச் சந்திரனைக் கொண்டும் கணக்கிடுவதால், நவம்பர் நடுப்பகுதிக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையே தேதி முன்னும் பின்னும் நகரும். திருவண்ணாமலையில் மகா தீபம் 2023இல் நவம்பர் 26 அன்றும், 2024இல் டிசம்பர் 13 அன்றும், 2025இல் டிசம்பர் 3 அன்றும் ஏற்றப்பட்டது.

பௌர்ணமியும் நட்சத்திரமும் ஒரே மாலையில் கூடாத ஆண்டுகளில் நாட்காட்டியில் இரண்டு மூன்று தீபங்கள் அடுத்தடுத்துக் குறிக்கப்பட்டிருக்கும். திருமால் கோயில்களில் பெரும்பாலும் ரோகிணியைக் கணக்கில் கொண்டு பின்னொரு நாளில் தீபம் ஏற்றுவார்கள். அதனால் பெரும்பாலான வீடுகள் திருவண்ணாமலை நாளையும், வைணவக் குடும்பங்கள் தங்கள் கோயிலின் நாளையும் பின்பற்றுகின்றன. இதில் எது சரி என்று வாதிடத் தேவையில்லை.

தீபாவளிக்கே விளக்கேற்றிவிட்டோமே, மீண்டும் எதற்கு?

தமிழ்நாட்டில் தீபாவளி என்பது பெரும்பாலும் விடியற்காலை எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், வெடி ஆகியவற்றின் நாள். தெருவெங்கும் விளக்கு வரிசை வைக்கும் வழக்கம் இங்கே கார்த்திகைக்கு உரியது, அதுவும் மிகப் பழங்காலம் தொட்டே உரியது. மழை ஓய்ந்த வானில் முழுநிலவு அறுமீனோடு சேரும் நள்ளிரவில், தெருக்களில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டு ஊரே கூடிக் கொண்டாடும் விழாவை அகநானூற்றின் 141ஆம் பாடல் காட்டுகிறது. அறுமீன் என்பது கார்த்திகை நட்சத்திரக் கூட்டமே. நற்றிணையின் 202ஆம் பாடலிலும் இம்மாதத்து விளக்கு வரிசை உவமையாக வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் பாடிய திருஞானசம்பந்தர், ஊர்ப் பெண்கள் கொண்டாடும் கார்த்திகை விளக்கீட்டைக் காணாமலே போய்விடுவாயோ என்று இறந்துபட்ட பூம்பாவையைக் கேட்கிறார். விளக்கீட்டைப் பார்க்காமல் போவது ஓர் இழப்பு என்று அப்போதே நினைத்திருக்கிறார்கள்.

இந்த விளக்கு யாருக்காக ஏற்றப்படுகிறது?

மூன்று மரபுகள் இந்நாளில் ஒன்றுகூடுகின்றன. அடியும் முடியும் காணமுடியாத தீப்பிழம்பாகச் சிவபெருமான் பிரமனுக்கும் திருமாலுக்கும் முன் நின்றதை அண்ணாமலைத் தீபம் நினைவூட்டுகிறது. சரவணப் பொய்கையில் முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவருக்கும் இது உரிய நாள். திருமால் கோயில்களிலும் இதே நாட்களில் தீபம் உண்டு.

வீட்டில் விளக்கேற்றுவோர் மனத்தில் கொள்ளவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. கார்த்திகை விளக்கை ஏற்றும்போது பல வீடுகளில் ஒரு வடமொழிச் சுலோகம் சொல்வார்கள். புழுக்களும் பூச்சிகளும் கொசுக்களும் மரங்களும், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களும், எந்தக் குலத்தில் பிறந்த மனிதராயினும், இந்த விளக்கைக் கண்டால் பிறவித் துன்பம் நீங்கட்டும் என்பது அதன் கருத்து. கண்டவர் எவரோ அவருக்கெல்லாம் பயன் சேரவேண்டும் என்று கேட்கும் வழிபாடு இது. அதனால்தான் கார்த்திகை விளக்கு பூஜை அறையோடு நின்றுவிடாமல் வாசலுக்கும் மாடத்துக்கும் மதிலுக்கும் வருகிறது. எத்தனை விளக்கு, எந்த எண்ணெய், எந்தத் திசை என்று கேட்பவர்களிடம், தெருவில் போகிறவர் கண்ணில் படுகிறதா என்று முதலில் பாருங்கள் என்றே நான் சொல்வது வழக்கம்.

எத்தனை விளக்குகள், எங்கெங்கே?

நட்சத்திரங்களின் கணக்குப்படி 27 விளக்குகள் ஏற்றுவது பரவலான வழக்கம். இயலாதவர்கள் நிலைவாசலின் இருபுறமும் இரண்டு, பூஜை அறையில் ஒன்று, அடுக்களையில் ஒன்று, துளசி மாடம் இருந்தால் அங்கே ஒன்று என்று வைத்தாலே போதும். தனி வீடுகளில் கிணற்றடி, மாட்டுத்தொழுவம், மதில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஆகிய இடங்களிலும் வைப்பார்கள். வாசலில் இழைக்கோலம் போட்டுச் செம்மண் பூசி, கோலத்தின் நடுவே குத்துவிளக்கும் சுற்றிலும் அகல்களுமாக வைப்பது அழகு. விளக்குகளைக் கிழக்கும் வடக்கும் நோக்கி வைப்பதும், தெற்கு நோக்கித் தனித்து எரியும்படி வைக்காமல் இருப்பதும் பொது வழக்கம்.

பல ஊர்களில் இது ஒரே நாளில் முடிவதில்லை. முதல்நாள் பரணி தீபம், மறுநாள் பெரிய கார்த்திகை, அதற்கடுத்த நாள் குப்பைக் கார்த்திகை. குப்பைக் கார்த்திகை அன்று குப்பைமேட்டிலும் எருக்குழியிலும் கொல்லையிலும் விளக்கு வைப்பார்கள். வீட்டின் ஒதுக்குப்புறங்களுக்கும் வெளிச்சம் போய்ச் சேரவேண்டும் என்ற இந்த வழக்கம் நகரங்களில் அருகி வருவது எனக்கு வருத்தமே. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அந்த மாலை ஓர் அகலைக் கொண்டுபோய்க் கீழே தோட்டத்து மரத்தடியில் வைக்கலாம்.

அகல், திரி, எண்ணெய் ஆகியவற்றை எப்படித் தயார் செய்வது?

புது அகல்களை முதல்நாள் இரவே ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வையுங்கள். போட்டவுடன் சிறு குமிழிகள் மேலே வரும். மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் காற்று வெளியேறி அவ்விடத்தில் நீர் நிறைவதே அது. அப்படி ஊறாத அகல் ஊற்றிய எண்ணெயைத் தானே குடித்துவிடும், அடியில் கசிந்து தரையையும் கறையாக்கும். காலையில் எடுத்துக் கவிழ்த்து வைத்து, மேற்பரப்பில் ஈரம் போகத் துடைத்தபின் சந்தனமும் குங்குமமும் இடுங்கள். உட்புறத்திலும் வண்ணம் தீட்டிய அலங்கார அகல்களை வாங்காமல் இருப்பது நல்லது. அவை நீரை ஏற்பதில்லை, திரிக்கு அருகே வண்ணம் கருகி நாற்றமும் அடிக்கும். முடிந்தால் குயவர்களிடம் நேரடியாக வாங்குங்கள். அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் இந்த மாதத்து விற்பனைக்குப் பெரிய இடம் உண்டு.

பஞ்சுத் திரியைச் சற்றுத் தடிமனாக, இறுக்கமில்லாமல் திரித்துக்கொள்ள வேண்டும். இறுக்கித் திரித்தால் எண்ணெய் மேலேறாது, சுடர் சிணுங்கும். திரிகள் அனைத்தையும் மாலை மூன்று மணிக்கே ஒரு கிண்ணத்து எண்ணெயில் ஊறப் போட்டுவிடுங்கள். ஏற்றும் நேரத்தில் நுனியைக் கிள்ளிக் கூராக்கி, துளிக் கற்பூரப் பொடியைத் தடவினால் காற்றிலும் உடனே பற்றிக்கொள்ளும். அகலின் மூக்கிலிருந்து திரி ஒரு நெல்லளவு வெளியே நின்றால் போதும், நீண்டால் புகையும்.

எண்ணெயில் நல்லெண்ணெய் எல்லோருக்கும் ஏற்றது. விளக்கெண்ணெய் கெட்டியானது, மெதுவாக எரியும். நல்லெண்ணெயோடு கொஞ்சம் கலந்தால் விளக்கு நெடுநேரம் நிற்கும். இலுப்பெண்ணெய் கோயில் விளக்குகளில் காலங்காலமாகப் பயன்பட்டது. நெய் ஏற்றுவோர், குளிர்ந்த மாலையில் அது உறைந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, உருக்கிச் சூட்டோடு ஊற்றவேண்டும். தீப எண்ணெய் என்று கடையில் விற்கும் கலவைகளைச் சமையல் எண்ணெய்க்கு அருகில் வைக்காதீர்கள், அவை உண்ணத்தக்கவை அல்ல. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை விளக்குக்கு ஊற்றுவதில்லை.

எந்த நேரத்தில் ஏற்றவேண்டும்?

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரமே நேரம். திருவண்ணாமலையில் அதிகாலை நான்கு மணியளவில் கோயிலுக்குள் பரணி தீபமும், மாலை ஆறு மணிக்கு 2668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகா தீபமும் ஏற்றப்படுகின்றன. அந்த மாலையில் மட்டும் அர்த்தநாரீசுவரர் சன்னதியிலிருந்து வெளியே வந்து ஓரிரு நிமிடங்கள் காட்சி தந்து உள்ளே செல்வார். அதே கணத்தில் மலைமேல் கொப்பரையில் தீ வைக்கப்படும். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீண்ட காடாத் துணித் திரியும் கொண்ட அந்தத் தீபம் பதினொரு நாட்கள் எரியும். மலைத் தீபத்தைக் கண்ட பிறகே அவ்வூர் மக்கள் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். தொலைக்காட்சி நேரலை வந்தபின், மற்ற ஊர்களிலும் பல குடும்பங்கள் அதைப் பார்த்துவிட்டு ஏற்றுகின்றன. ஒன்று கவனிக்கவேண்டும்: குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டு, அகல்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, எல்லாவற்றையும் ஐந்தரை மணிக்கே முடித்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்காருங்கள். தீபம் ஏற்றியதைப் பார்த்தபின் திரி தேடினால் இருட்டிவிடும்.

விளக்கை யார் ஏற்றவேண்டும்?

வீட்டுப் பெண்கள் ஏற்றுவது வழக்கம் என்றாலும் ஆண்கள் ஏற்றக்கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. கணவனை இழந்த பெண்களை இந்த நாளில் பின்கட்டில் உட்கார வைக்கும் பழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. புழுவும் கொசுவும் கண்டு உய்யட்டும் என்று வேண்டிக்கொண்டு ஏற்றும் விளக்கின் முன்னிருந்து அம்மாவையும் பாட்டியையும் விலக்கி வைப்பதற்கு எந்த நியாயத்தையும் நான் காணவில்லை. முதல் விளக்கை அவர்கள் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். தயங்கினால் பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற்றச் சொல்லுங்கள். மறுக்கமாட்டார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதுகாப்பாக ஏற்றுவது எப்படி?

நடைபாதையில் விளக்கு வைத்தால் ஒருவர் தாராளமாக நடந்துபோக வழி விட்டு, சுவரோரமாக வையுங்கள். மாடிப்படியிலும் மின்தூக்கியின் வாசலிலும் வேண்டாம். காலணி அலமாரி, திரைச்சீலை, செய்தித்தாள் கட்டு, இருசக்கர வண்டி, எரிவாயு உருளை ஆகியவற்றின் அருகே எந்த விளக்கும் இருக்கக்கூடாது. அகலுக்கு அடியில் சிறு தட்டோ வாழையிலைத் துண்டோ வைத்தால் கறையும் படியாது, தரையும் சூடேறாது. பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகள் விளக்கு வரிசையைத் தாண்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏற்றுகிறவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளவேண்டும், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ளவேண்டும். ஒரு வாளி தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். விளக்கு எரியும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகாதீர்கள்.

யாருக்கேனும் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் அந்த இடத்தில் ஓடும்படி பிடியுங்கள். மையோ பற்பசையோ வெண்ணெயோ தடவக்கூடாது. கொப்புளம் பெரிதானாலும், முகத்திலோ கையிலோ சுட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மழை வந்துவிட்டால்?

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்பது பழமொழி. வடகிழக்குப் பருவமழை அடங்கத் தொடங்கும் நேரத்தில் வரும் திருநாள் என்பதால் அன்று மாலை தூறல் விழுவது புதிதல்ல. வாசல் விளக்குகளைத் திண்ணைக்கோ சாளரத் திட்டுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். காற்று மட்டும் என்றால், ஆழமான அகலில் எண்ணெயைப் பாதியளவே ஊற்றித் திரியைத் தாழ்த்தி வைத்தால் விளிம்பே காற்றைத் தடுக்கும்.

மின்விளக்குச் சரம் போட்டால் போதாதா?

அலங்காரத்துக்குப் போடுவதில் தவறில்லை. ஆனால் விடுதி அறை, மருத்துவமனை, புகை உணர்த்தும் கருவி பொருத்திய வெளிநாட்டு வீடு என்று தீ வைக்கவே முடியாத இடங்களைத் தவிர, ஓர் அகலாவது எண்ணெயும் திரியுமாக எரியவேண்டும். எண்ணெய் விட்டு, திரி தூண்டி, காற்றில் அணைந்ததை மறுபடி ஏற்றி, அந்த ஒரு மணி நேரம் வீட்டார் அனைவரும் விளக்கருகே இருப்பதுதான் இந்தத் திருநாளின் கொண்டாட்டம். பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டால் அது கிடைப்பதில்லை.

என்ன நைவேத்தியம் செய்வது?

பொரி உருண்டை, அப்பம், அடை, வடை ஆகியவை பரவலானவை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களில் அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், சிறுபயறு, சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, குருத்துப் பனையோலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைக்கும் ஓலைக் கொழுக்கட்டை இல்லாமல் கார்த்திகை இல்லை. மூடியைத் திறந்ததும் வரும் ஓலை மணம் வேறு எந்தக் கொழுக்கட்டைக்கும் வராது.

பொரி உருண்டையில் பலரும் தடுமாறுவது பாகில். நெற்பொரியில் ஒட்டியிருக்கும் உமியை முறத்தில் புடைத்து, கையால் பொறுக்கி நீக்குங்கள். எட்டுக் குவளை பொரிக்கு ஒன்றரைக் குவளை பொடித்த வெல்லம் சரியாக இருக்கும். வெல்லம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கிளறவேண்டும். நுரை பெரிதாகப் பொங்கி, பின் அடங்கி, நிறம் கருக்கத் தொடங்கும்போது ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பாருங்கள். உருண்டை மெத்தென்று நசுங்கினால் இன்னும் கொஞ்சம் காயவேண்டும். எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று ஒலிக்கவேண்டும், அதுவே பதம். அடுப்பை அணைத்து ஏலக்காய், சுக்குப்பொடி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை ஆகியவற்றைப் போட்டுப் பொரியைக் கொட்டிக் கிளறி, அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்கவேண்டும். முதல் சுற்றில் மெதுவாக உருட்டி வைத்து, சற்று ஆறியபின் மறுபடி எடுத்து அழுத்திப் பிடித்தால் உதிராது. கலவை ஆறி இறுகிவிட்டால் பாத்திரத்தை ஒரு நிமிடம் மெல்லிய தீயில் காட்டினால் இளகும். இதைத் தனியாகச் செய்ய முயலாதீர்கள். பதம் வந்தபின் நான்கு கைகளாவது வேண்டும்.

குழந்தைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

சந்தனம் குங்குமம் இடுவது, திரி ஊறப்போடுவது, அடங்கிவரும் விளக்கைக் கண்டுபிடித்துச் சொல்வது என்று வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். வாய்ப்பிருந்தால் அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துச் சென்று சொக்கப்பனை கொளுத்துவதைக் காட்டுங்கள். பனைமரத் துண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கட்டி, சுவாமி புறப்பாட்டின்போது தீ வைப்பார்கள். அதன் சாம்பலை எடுத்துச் சென்று வயலில் தூவுவோர் இன்றும் உண்டு.

மாவலி சுற்றுவதைப் பார்த்திராத பிள்ளைகள் இப்போது அதிகம். ஆண்பனையின் பூவைக் காயவைத்து, குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் நீளமாகச் சுருட்டி, பனைமட்டைக் கீற்றுகளுக்கு இடையே வைத்துக் கட்டி, நுனியில் நெருப்புக் கங்கு வைத்துக் கயிற்றால் தலைக்குமேல் சுழற்றுவார்கள். பொறிகள் வட்டமாகச் சிதறும். மாவலியோ மாவலி என்று கத்திக்கொண்டே சுற்றுவார்கள். வெடிமருந்தே இல்லாத வாணவேடிக்கை இது. கிராமத்து உறவினர்களிடம் சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். ஆனால் ஓலைக் கூரையும் வைக்கோற்போரும் இல்லாத திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் துணையோடு மட்டுமே சுற்றவேண்டும்.

கார்த்திகைச் சீர் என்பது என்ன?

மணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து விளக்கு, பொரி, வெல்லம், புடவை, பணம் என்று இயன்றதைக் கொடுப்பது. உடன்பிறந்தவனின் நலத்துக்காகப் பெண்கள் அன்று விளக்கேற்றி வேண்டிக்கொள்வதும் பல சமூகங்களில் உண்டு. தொகை முக்கியமல்ல. அண்ணனோ தம்பியோ நேரில் போய்க் கொடுப்பதே அந்தப் பெண்ணுக்குப் பெருமை. போக இயலாதவர்கள் மாலையில் கைபேசியிலாவது பேசவேண்டும்.

இலங்கைத் தமிழர் முறை வேறுபட்டதா?

யாழ்ப்பாணத்தில் இதை விளக்கீடு என்றே சொல்கிறார்கள். வீட்டு வாசலில் வாழைத்தண்டை நட்டு அதன் தலையில் விளக்கேற்றுவதும், வளவிலும் கிணற்றடியிலும் பந்தம் வைப்பதும் அங்கே வழக்கம்.

குடும்பத்தில் துக்கம் நேர்ந்த ஆண்டில் ஏற்றலாமா?

பலகாரமும் கொண்டாட்டமும் தவிர்த்து, அன்றாடம் ஏற்றும் விளக்கை மட்டும் ஏற்றுவது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். இதில் குலத்துக்குக் குலம் முறை வேறு என்பதால் வீட்டுப் பெரியவரைக் கேட்டுச் செய்யுங்கள். அண்டை வீட்டார் அந்தக் குடும்பத்துக்குப் பொரியும் அப்பமும் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல பழக்கம்.

விளக்குகளை எப்போது, எப்படி மலையேற்றுவது? பிறகு என்ன செய்வது?

ஒரு மணி நேரமாவது எரிந்தால் நல்லது. வாயால் ஊதக்கூடாது. பூவின் காம்பாலோ குச்சியாலோ திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் சுடர் அடங்கிவிடும். படுக்கப் போகுமுன் வெளியே வைத்த ஒவ்வொரு விளக்கையும் ஒருவர் போய்ப் பார்த்துவரவேண்டும்.

மறுநாள் மிச்ச எண்ணெயை வடித்து அன்றாட விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாக்கடையில் ஊற்றவேண்டாம். தரையில் எண்ணெய் சிந்திய இடத்தில் அரிசி மாவைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். அகல்களை வெந்நீரில் சீயக்காய்த் தூள் போட்டு ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தாளில் சுற்றி வையுங்கள். எண்ணெய் ஏறிய பழைய அகலுக்கு அடுத்த ஆண்டு எண்ணெய் குறைவாகவே செல்லும். விரிசல் விட்டதை மட்டும் உடைத்து, தொட்டிச் செடியின் அடியில் வடிகாலுக்குப் போட்டுவிடலாம்.